பியானோவும் குருபரம்பரையும்

கொழும்பு புதுக்கடையிலே நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் அருகருகே அமைந்துள்ளன. சட்டக் கல்லூரியிற் பயின்று தேர்வுகளில் தேறி வெளிவரும் இளைஞர் எவரும் அத்தேர்ச்சியோடு தம் கல்வி முற்றுப்பெற்றதெனக் கருதுவதில்லை. மூத்த வழக்கறிஞர் ஒருவரை அடுத்து, அவர் வழக்குரையைக் கட்டும் முறையையும், சாட்சியை வினாவும் நயத்தையும், பேசாதிருக்க வேண்டிய இடத்திற் பேசாதிருக்கும் அடக்கத்தையும் அருகிருந்து கண்டு தெளிகின்றனர். சான்றிதழை வழங்குவது கல்லூரி. வழக்கறிஞரை உருவாக்குபவர் மூத்தவர். இவ்வுண்மை புதுக்கடையில் நாள்தோறும் மெய்ப்பிக்கப்படுகின்றது.

இதே மாநகரில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், மாலை வேளைகளிற் பியானோ பயிலும் சிறார் பலர் உளர். மேனாட்டிசையை இலண்டன் நிறுவனங்களின் தேர்வுகளுக்கென அவர்கள் படிப்படியாகப் பயில்கின்றனர். கருநாடக இசை பயில்வோர்க்கு வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகள் உள்ளன. தேர்வு முறையால் விளைந்த நன்மைகளை எவரும் மறுத்தற்கில்லை. பாடத்திற்கு ஓர் ஒழுங்கையும், மாணவர்க்கு ஓர் இலக்கையும், ஆசிரியர்க்கு ஓர் அளவுகோலையும் அது தந்தது. ஆயினும் எத்தனையாந் தரத்தில் தேறினார் என்னும் வினா, எவரிடம் பயின்றார் என்னும் வினாவை மெல்ல மெல்ல விழுங்கிவிடுமாயின், கலை வளருமா, சான்றிதழ்கள் மட்டும் வளருமா என்பது சிந்தித்தற்குரியது.

பியானோவைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. ஏனெனில் எழுதிவைத்த இசைக்குறியீட்டைக் கொண்டு தனித்திருந்தே கற்கத்தக்கது போலத் தோன்றும் கருவி அதுவாகும். அக்கருவியின் வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது. புகழ்பெற்ற இசைவாணர் சிலர் இளம் மாணாக்கரைப் பல்லாண்டு கைவிடாது பேணி வந்த பேணுகையே, பியானோக் கலையை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கொண்டுசென்றது. அவ்வரலாற்றை ஐரோப்பாவிலும் தமிழகத்திலும் ஒருங்கே நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் வகுத்த ஆசிரியர்

நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு நான்கு உவமைகள் கூறுகின்றார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. நிலம் பொறுமைக்கும், உழுதவன் முயற்சிக்கேற்பப் பயனளித்தலுக்கும் உவமை. மலை அளக்கலாகாப் பெருமைக்கும், மழை வறந்த காலத்தும் வளஞ் சுரத்தலுக்கும் உவமை. நிறைகோல் ஐயந்தீர உண்மை காட்டுதற்கும், ஒருபாற் கோடாமைக்கும் உவமை. மலர் யாவரும் விரும்பி ஏற்பதற்கும், உரிய பொழுதில் முகமலர்தலுக்கும் உவமை.

ஆசிரியராதற்குத் தகாதோர்க்கும் அவர் உவமை கூறுகின்றார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் முற்றத்தில் நின்று அவர் வார்த்த நீரை உண்டு, வளைந்து சென்று பிறர் முற்றத்திலே காயை உதிர்க்கும் தென்னை அது. தம்மை வழிபட்டு நின்றார்க்கு அளியாது பிறர்க்கு அளிக்கும் ஆசிரியனை அதனோடு ஒப்பிடுவர். ஆசிரியனிடத்திற் குற்றமாகிய இப்பண்பு மாணாக்கனிடத்திற் குணமாகுமா என்னும் வினாவுக்கு இக்கட்டுரையின் முடிவில் விடை காண்போம்.

இனி, கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பியானோவை ஏறத்தாழ 1700ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிற் கிறிஸ்தோபோரி என்பார் ஆக்கினார். விரற்கட்டையை அழுத்தியதும் சிறு சுத்தியலொன்று தந்தியைத் தாக்க, ஒலி எழுந்து உடனே தேயத் தொடங்கும். எழுந்த சுரத்தை அசைக்கவோ, வளைக்கவோ, அடுத்த சுரத்தோடு இழைக்கவோ இயலாது. கமகமே உயிராகிய நம் இசைக்கு இது பெருங்குறை. பாலுசுவாமி தீட்சிதர் காலந்தொட்டு வயலின் கருநாடக இசையிற் கலந்து நம்முடையதாயிற்று. பியானோவோ அவ்வாறு ஆகவில்லை. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் விலக்கியதும், அவ்விலக்கு 1971 வரை நீடித்ததும் இக்காரணம் பற்றியே.

எனவே தமிழ்ச் சிறுவன் ஒருவன் பியானோவின் முன் அமரும்போது அவன் செவிக்குப் பழகிய மரபு அங்குத் துணைநில்லாது. தாளிலுள்ள குறியீடு எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும். எவ்வளவு எடையோடு விரல் விழவேண்டும், ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு விடவேண்டும், எந்தச் சுரத்தைக் கேட்போர் செவியில் நிறுத்தி எதனை மறையவிட வேண்டும் என்பனவற்றை அது முற்றாகச் சொல்லாது. இவை கையிலிருந்து கைக்கும், செவியிலிருந்து செவிக்கும் செல்வன. ஏடு உள்ள கலைக்கும் குரு இன்றியமையாதவராதல் இதனாலேயே.

வியன்னாவிலிருந்து வைமார் வரை

பேத்தோவனிடம் இளமையிற் பயின்றவர் கார்ல் செர்னி. 1791ஆம் ஆண்டிற் பிறந்த இவர் பத்து வயதளவில் அப்பெருமகனாரிடம் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் வியன்னாவிலே புகழ்மிக்க ஆசிரியராகி, நாள் முழுவதும் மாணாக்கர்க்குக் கற்பித்து வந்தார். அவரிடம் 1819ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தந்தை அழைத்து வந்தார். வெளிறிய மேனியும் மெலிந்த உடலுங் கொண்ட அச்சிறுவன் வாசிக்கும்போது குடித்தவன் போல இருக்கையில் ஆடினான் என்றும், விரலமைப்பு ஏதும் அறியாது விரல்களைக் கண்டபடி வீசினான் என்றும், ஆயினும் இயற்கை அவனைப் பியானோவுக்கென்றே படைத்திருந்தது தெளிவாயிற்று என்றும் செர்னி தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். அச்சிறுவனே பிரான்ஸ் லிஸ்ற்.

லிஸ்றின் தந்தை எஸ்தர்காசி கோமகனின் பண்ணையிற் பணியாற்றியவர், செல்வரல்லர். ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர் வழங்கிய உதவிப்பணத்தோடு 1822ஆம் ஆண்டிற் குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. செர்னி அச்சிறுவனைப் பெரும்பாலும் மாலைதோறும் தம் இல்லத்திற் பயிற்றுவித்தார். கட்டணம் பெற மறுத்துவிட்டார். இசையிலக்கணம் கற்பித்த சாலியேரியும் அவ்வாறே செய்தார். செர்னியின் முதற்பணி சிறுவனின் வேகத்தை வளர்ப்பதாக அமையவில்லை. தாளம் வழுவாமை, சுரவரிசைகளில் விரலொழுக்கம், தொனியின் தூய்மை என்பனவற்றை அவர் கண்டிப்போடு பயிற்றினார். மேதைக்கு முதலில் அடித்தளம் இடவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

பதினான்கு திங்களளவிலே தந்தை மகனை அழைத்துக்கொண்டு கச்சேரிப் பயணம் புறப்பட்டார். பயன் மிகுந்து வரும் வேளையிற் பயிற்சி நின்றுவிட்டதே எனச் செர்னி வருந்தினார். ஆயினும் அத்தொடர்பு அறவில்லை. 1837ஆம் ஆண்டிலே ஆறு இசைவாணர் கூடி ஆக்கிய 'எக்சாமெரோன்' என்னும் படைப்பில், லிஸ்ற், சொப்பின் முதலியோரோடு செர்னியும் ஒருவராக இடம்பெற்றார். 1852இல் இறுதி வடிவில் வெளிவந்த தம் அரும்பெரும் பியானோப் பயிற்சிகள் பன்னிரண்டையும் லிஸ்ற் தம் ஆசிரியர் செர்னிக்கே நன்றியுடன் காணிக்கையாக்கினார். அப்போது லிஸ்ற் ஐரோப்பா முழுவதும் வியந்து போற்றிய பெரும்புலவர். செர்னியோ முதுமையெய்திய ஆசிரியர்.

பெற்ற கடனை லிஸ்ற் தீர்த்த முறையே இங்கு முதன்மையாகக் கருதற்பாலது. பணம் பெற்று மேடையேறும் வாழ்வை அவர் 1847ஆம் ஆண்டிலே, முப்பத்தைந்து வயதளவில், நிறுத்திவிட்டார். 1869 முதல் 1886இல் மறையும்வரை ஆண்டுதோறும் சில மாதங்கள் வைமார் நகரிற் கோமகன் அளித்த தோட்டமனையில் தங்கி இளம் பியானோ வாணர்க்குக் கற்பித்தார். கிழமைக்கு மும்முறை பிற்பகலில் மாணாக்கர் கூடுவர். தாம் வாசிக்க விரும்பும் ஏடுகளைப் பியானோவின்மேல் அடுக்கி வைப்பர். லிஸ்ற் அவற்றுள் ஒன்றை எடுத்து, இதனை வாசிப்பவர் யார் என வினவுவார். ஒருவர் வாசிக்க ஏனையோர் சூழ நின்று கேட்பர். பிழை திருத்தலும் பொருள் விளக்கலும் அனைவர் முன்னிலையிலும் நிகழும். ஒருவர்க்குச் சொன்னது எல்லார்க்கும் பாடமாயிற்று. விரற்பயிற்சியை அவரவர் வீட்டில் முடித்து வரவேண்டும். அங்குப் பேசப்படுவது இசையின் உட்பொருளே. ஒருவரிடமும் அவர் கட்டணம் பெற்றிலர்.

இதிற் குறையும் இருந்தது. எவரையும் மறுக்க மாட்டாத அவர் இயல்பால், தகுதியற்றோர் பலரும் அக்கூட்டத்திற் புகுந்தனர். அவருடைய மூத்த மாணாக்கராகிய ஹன்ஸ் பொன் பியூலோ ஒருமுறை வகுப்பை ஏற்று நடத்தியபோது அத்தகையோரைக் கடிந்து வெளியேற்றினார். அவர்களோ லிஸ்றிடம் மீண்டும் வந்து சேர்ந்தனர். மலரின் பண்பு மிகுந்த இடத்தில் நிறைகோலின் பண்பு சற்றுத் தளர்ந்தது எனலாம். ஆயினும் அவ்வகுப்பிலிருந்து வெளிப்போந்த தால்பேர்ட், ரோசன்தால், சாவர், சீலோட்டி முதலியோர் அடுத்த தலைமுறையின் பெரும்பெயர்களாயினர். இஸ்த்வான் தோமான் என்னும் மாணாக்கர் பின்னர் புடபெஸ்ற்றிலே பேலா பார்தோக்குக்குக் கற்பித்தார். பேத்தோவன், செர்னி, லிஸ்ற், தோமான், பார்தோக் என ஐந்து தலைமுறை ஒரே கொடியாகப் படர்ந்தமை காண்க.

மொஸ்கோவில் ஒரு குருகுலம்

குருகுலம் என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியதென எண்ணுவோர் நிக்கொலாய் சுவேரெவ் என்பாரின் வரலாற்றை அறிதல் நன்று. மொஸ்கோ இசைக்கல்லூரியின் ஆசிரியராகிய இவர், பியானோவில் ஆற்றல் மிக்க சிறுவர் சிலரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். உணவும் உடையும் கல்வியும் அவரே அளித்தார், பணம் பெறவில்லை. சிறுவர் முறைவைத்துக் காலை ஆறு மணிக்கே பயிற்சியைத் தொடங்க வேண்டும். முன்னிரவு கச்சேரிக்கோ நாடகத்துக்கோ சென்று நேரங்கழித்து வந்திருப்பினும் அவ்விதி தளராது. ஞாயிறுதோறும் அவ்வில்லத்திற்கு சைக்கோவ்ஸ்கி முதலிய பெரியோர் வருவர். சிறுவர் அவர்கள் முன் வாசிப்பர். லிஸ்றிடம் பின்னர் பயின்ற சீலோட்டியும் இளமையிற் சுவேரெவின் மாணாக்கரே.

1885ஆம் ஆண்டிலே பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அவ்வில்லத்திற் சேர்ந்தவர் செர்கே ரக்மானினோவ். கல்லூரியின் உயர் வகுப்பில் அவருக்குப் பியானோ கற்பித்தவர் அவர்தம் உறவினருமாகிய சீலோட்டி. நான்காண்டுகளின் பின், 1889இல், ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பிணக்கு நேர்ந்தது. ரக்மானினோவ் இசையியற்றலில் ஈடுபட விரும்பினார். பலர் பயிலும் அவ்வில்லத்தில் அதற்குரிய தனிமை கிட்டவில்லை. அவர் வெளியேறினார், பேச்சும் அற்றது. ஆனால் 1892ஆம் ஆண்டிலே கல்லூரி இறுதித் தேர்வுக்கென ரக்மானினோவ் இயற்றிய 'அலேக்கோ' என்னும் இசைநாடகத்தைக் கேட்ட சுவேரெவ், அவரை அணுகித் தம் பொற்கடிகாரத்தை எடுத்து அளித்தார். அடுத்த ஆண்டிலே ஆசிரியர் மறைந்தார். மாணாக்கரோ அக்கடிகாரத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தார்.

ஆசிரியன் வகுத்த பாதையை விட்டு மாணாக்கன் விலகும் நாள் எவ்வகைப் பரம்பரையிலும் ஒருநாள் வரும். அந்நாளில் ஆசிரியன் செய்வது யாது என்பதிலேயே அவன் பெருமை அறியப்படும். சுவேரெவ் தாம் விரும்பாத வழியிலே மாணாக்கன் அடைந்த வெற்றியைத் தம் வெற்றியாக ஏற்றார்.

மயிலாப்பூரில் ஒரு விடுதியறை

இனித் தமிழகத்தை நோக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பியானோ சென்னைக்கு வந்தது. மவுண்ட் ரோட்டிலே 1842ஆம் ஆண்டிலிருந்து விளங்கிவரும் மியூசி மியூசிக்கல் என்னும் இசைக்கருவி நிலையம் அதற்குச் சான்று. தேவாலயங்களிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் ஒலித்த அக்கருவி, பேசும்படம் தோன்றியபின் திரையிசைக் கூடங்களிலும் புகுந்தது. அக்கூடங்களில் வேலை பெற விரும்பிய இளைஞர்க்குக் குறியீடு வாசிக்கும் திறன் வேண்டியிருந்தது. அத்திறனை நாடி வந்தோர்க்குச் சென்னையில் வாய்த்த ஆசிரியருள் ஒருவர் தன்ராஜ் மாஸ்டர்.

மயிலாப்பூர் லஸ் பகுதியிலே சாயி லாட்ஜ் என்னும் விடுதியின் ஓர் அறையில் அவர் கற்பித்தார். கோமகன் அளித்த தோட்டமனை அவர்க்கு வாய்த்திலது. அவர் பெயர் திரையிசை கேட்போர் பெரும்பாலோர் நாவில் வழங்குவதுமன்று. தம் மாணாக்கரின் நன்றியுரைகளாலேயே அவர் இன்று அறியப்படுகின்றார்.

1943ஆம் ஆண்டிலே மதுரை மாவட்டமாயிருந்த பகுதியைச் சேர்ந்த பண்ணைப்புரத்திற் பிறந்து, பதினான்கு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊரூராகச் சென்ற இளைஞர் ஒருவர் 1968ஆம் ஆண்டளவில் அவ்வறைக்கு வந்தார். ராசையா என வழங்கிய அவர் பெயரை ராஜா எனச் சுருக்கி அழைத்தவர் தன்ராஜ் மாஸ்டரே. ஆர்மோனியமும் நாட்டுப்பாடலும் அறிந்திருந்த அவ்விளைஞர்க்கு அங்கே பாக், பேத்தோவன் முதலியோரின் படைப்புகள் அறிமுகமாயின. ஐந்து கோட்டுக் குறியீட்டை எழுதவும் வாசிக்கவும் அவர் கற்றார். பல சுரங்கள் ஒருங்கொலிக்கும் இசைவிலக்கணத்தையும், இரண்டு மெட்டுகள் ஒன்றையொன்று தழுவியும் எதிர்த்தும் செல்லும் எதிரிசை இலக்கணத்தையும் பயின்றார். இலண்டன் திரினிற்றி இசைக்கல்லூரியின் கித்தார்த் தேர்விற் பொற்பதக்கமும் பெற்றார். அவரே இளையராஜா.

தேர்வும் குருவும் இங்கே பகையாகவில்லை என்பது உய்த்துணரத்தக்கது. இலண்டனிலிருந்து வந்த பாடத்திட்டம் எதனைக் கற்கவேண்டும் என்பதை வரையறுத்தது. ஏன் கற்கவேண்டும் என்பதை மயிலாப்பூர் அறை உணர்த்தியது. 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' முதலாக அவர் இசைக்கூடத்தில் அமர்ந்து, கருவி ஏதும் தொடாது, முழு வாத்தியக் குழுவுக்குமுரிய இசையைத் தாளில் நேரே எழுதித் தரும் வழக்கத்தைத் திரையுலகம் வியந்து பேசியது. அவ்வியப்பின் வேர் அந்த அறையில் உள்ளது. 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னும் கருவியிசைத் தொகுப்பை அவர் தியாகராசருக்கும் பாக் என்பார்க்கும் ஒருங்கே காணிக்கையாக்கினார். 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவருடைய 'வேலியண்ட்' என்னும் சிம்பொனி அரங்கேறியது. அவர் அவ்வறைக்கு வந்து ஏறத்தாழ ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது இது. நல்லாசிரியன் இட்ட வித்து முளைத்துப் பயன்தரும் காலத்தை எந்தத் தேர்வு அட்டவணையாலும் கணிக்க இயலாது.

அதே தன்ராஜ் மாஸ்டரிடம் பின்னாளிற் பயின்ற சிறுவருள் ஒருவர் 1967இற் பிறந்த ஏ. ஆர். ரகுமான். இசையமைப்பாளராயிருந்த தந்தை ஆர். கே. சேகர் 1976ஆம் ஆண்டில் மறைந்தபோது அவருக்கு வயது ஒன்பது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வாழ்ந்தது. இளமையிலேயே திரையிசைக் கூடங்களில் விசைப்பலகை வாசிக்கச் சென்ற அவர் இளையராஜாவின் குழுவிலும் வாசித்தார். ஓராசிரியரின் இளைய மாணாக்கர் அவரது மூத்த மாணாக்கரின் குழுவிற் பணிபுரிந்தமை, கருநாடக இசையுலகிலே பெரும்பாலும் காணப்படும் உறவுமுறையே. வித்தியாசாகரும் அவ்வாசிரியரிடம் பியானோவும் கித்தாரும் பயின்றார். 1992இல் 'ரோஜா' வெளிவந்தபின் தமிழ்த் திரையிசை பிறிதொரு திசையிற் சென்றதை அனைவரும் அறிவர். ஓரறையில் ஓராசிரியரிடம் பயின்ற இருவரின் இசை ஒன்றையொன்று ஒவ்வாதவாறு வேறுபட்டு நிற்றல் அவ்வாசிரியர்க்குச் சிறப்பேயாகும். அவர் தம் சாயலைப் பதிக்கவில்லை. இசையை எழுதும் மொழியைக் கற்பித்தார்.

கடன் கைமாறிய வகை

2008ஆம் ஆண்டிலே ரகுமான் சென்னையில் கே. எம். இசைக்கல்லூரியைத் தோற்றுவித்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக இரு ஒஸ்கார் விருதுகளை அவர் பெற்றது அடுத்த ஆண்டில், 2009இல், என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வசதியற்ற குடும்பங்களின் சிறாரைத் தேர்ந்து, கட்டணமின்றி மேனாட்டு வாத்தியங்களைப் பயிற்றி, 'சன்ஷைன்' என்னும் வாத்தியக்குழுவாக அவர் அமைத்தார். வாடகைக்கு விட்ட கருவிகளால் வாழ்ந்த சிறுவன், வளர்ந்தபின் கருவியற்ற சிறார் கையிற் கருவியை வைத்தான் எனின் அது பொருந்தும். அக்கல்லூரியிற் சுரோஜித் சட்டர்ஜியின் வழிகாட்டலில் ருஷ்ய முறைப் பியானோ வகுப்பு ஒன்றும் நடைபெற்றது. சுவேரெவும் சீலோட்டியும் வளர்த்த மொஸ்கோ மரபின் ஒரு கிளை இவ்வாறு சென்னைக் கடற்கரையை அடைந்தது.

அவ்வகுப்பிற் பயின்ற சிறுவருள் ஒருவர் 2005இற் சென்னையிற் பிறந்த லிடியன் நாதஸ்வரம். 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலே அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'உலகின் தலைசிறந்தோர்' என்னும் போட்டியில் முதலிடம் பெற்றுப் பத்து இலட்சம் டொலர் பரிசை வென்றபோது அவருக்கு வயது பதின்மூன்று. ரிம்ஸ்கி கோர்சகோவ் இயற்றிய, வண்டின் பறப்பைச் சித்திரிக்கும் படைப்பை நிமிடத்துக்கு 208 அடி என்னும் காலப்பிரமாணத்தில் வாசித்து, பின்னர் அதனை 325 அடியாக உயர்த்தி வாசித்துக் காட்டினார். உலகம் வியந்தது.

வேகம் கண்டு உலகம் வியக்கும் வேளையே இளம் மேதைக்கு இடர்மிக்க வேளை. செர்னி சிறுவன் லிஸ்றிடம் கண்ட இடர் அதுவே. மேடை ஒருவனை விரைவில் உயர்த்தும். உயர்த்திய இடத்திலேயே அவனை நிறுத்தியும்விடும். அவ்வாறு நின்றுவிடாது லிடியன் மீண்டும் மாணாக்கரானார். 2021ஆம் ஆண்டில் இளையராஜா அவரை மாணாக்கராக ஏற்றுக்கொண்டார். ஏற்றவரின் வயது எழுபத்தெட்டு. ஏற்கப்பட்டவர் பதினாறு வயதை எட்டிக்கொண்டிருந்தார். மயிலாப்பூர் அறையில் மூத்த மாணாக்கர் பெற்றது, இளைய மாணாக்கரின் கல்லூரியிற் பயின்ற சிறுவனைச் சென்றடைந்தது.

இத்தொடர்பிலே நிறைகோலின் பண்பும் விளங்கக் காணலாம். லிடியன் சிம்பொனி எனத் தாம் எழுதிக் கொணர்ந்த ஒன்றைச் சிறிதளவே கேட்ட இளையராஜா, இது திரைப்படப் பின்னணியிசை போன்றுள்ளது, சிம்பொனி என்பது யாதென முதலில் அறிந்து எழுதுக என்று சொல்லியனுப்பியதைப் பின்னர்த் தாமே வெளிப்படக் கூறியுள்ளார். உலகப் பரிசு பெற்ற இளைஞரிடம் இவ்வாறு கூறுதல் எளிதன்று. புகழ்ந்துவிட்டு வாளாவிருத்தலே எளிது. தேர்வாளர் புள்ளியிட்டுச் செல்வர். அவர் மாணவனை மீண்டும் காணவேண்டியதில்லை. ஆசிரியனோ குறையைச் சொன்ன பின்னும் மறுநாள் அம்மாணாக்கன் முகத்தில் விழிக்கவேண்டியவன். உடனிருப்பவனுக்கே மெய்கூறும் உரிமையும் கடமையும் உண்டு.

முடிவுரை

மேற்கூறிய வரலாறுகளினின்றும் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. எழுத்துக்குறியீடு முழுமையாக உள்ள கலையும் ஆளிடமிருந்து ஆளுக்கே செல்கின்றது என்பது ஒன்று. ஆசிரியனின் பணி மாணாக்கன் புகழடைந்ததும் முடிவதில்லை. புகழடைந்த பின்னரே சிலபோது அது மிகவும் வேண்டப்படுகின்றது என்பது மற்றொன்று. ஆசிரியனுக்குப் பட்ட கடனை ஆசிரியனுக்கே திருப்பித் தருதல் இயலாது என்பது மூன்றாவது.

இம்மூன்றாவது உண்மையே முடத்தெங்கின் வினாவுக்கு விடையாகும். செர்னி வார்த்த நீருக்கு லிஸ்ற் ஒரு நூலைக் காணிக்கையாக்கினார். ஆயினும் அவர் காய்த்த காய்கள் பெரும்பாலும் வைமாரில் வந்து கூடிய பிறர் மக்கள் கையிலேயே விழுந்தன. தன்ராஜ் மாஸ்டர் வார்த்த நீரின் பயனை இன்று பெறுவோர் அவரைக் கண்டறியாத தலைமுறையினர். வழிபட்டவனை விடுத்துப் பிறர்க்கு அளிக்கும் ஆசிரியன் குற்றமுடையவன். தான் பெற்றதை அடுத்த முற்றத்துக்கு வளைந்து அளிக்கும் மாணாக்கனோ பரம்பரையை வாழ்விப்பவன்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பியானோவின் முன் அமரும் சிறார் தேர்வெழுதுக, தேறுக, சான்றிதழும் பெறுக. ஆனால் இறுதித் தரம் தேறிய மறுநாள் பியானோவை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கும் வழக்கம் நிலைக்குமாயின், அந்நாளிலேயே ஒரு பரம்பரை அறுகின்றது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் உணர்தல் வேண்டும். புதுக்கடையில் மூத்த வழக்கறிஞரின் பின்னே ஏடு சுமந்து நடக்கும் இளைஞர்க்குத் தேர்வு முடிந்த பின்னரே கல்வி தொடங்குகின்றது. இசை பயில்வோர்க்கும் அவ்வாறே. தேறியவன் தன்னினும் இளைய ஒருவனை அருகில் அமர்த்தி, அவன் விரலைத் திருத்தி, அவன் வளர்ந்து விலகும் நாளிலும் கதவைத் திறந்து வைத்திருப்பானாயின், அவன் பெற்ற கல்வி கடன் தீர்ந்த கல்வியாகும்.